கெளிறும் ஆகமமும்

கொங்கு நாட்டில் ஈரோட்டிற்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட பெருவழியிற் பெருந்துறை என்னும் ஊர் ஒன்று உண்டு. மாணிக்கவாசக சுவாமிகள் குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பெற்ற திருப்பெருந்துறை அஃதன்று. அது புதுக்கோட்டை மாவட்டத்தில், வெள்ளாற்றங்கரையில், ஆவுடையார்கோயில் என இக்காலத்து வழங்கப்படுவது. திருவாசகத்தை முதன்முறை கையிலெடுக்குங் கொங்கு நாட்டு மாணாக்கன், தன் ஊர்ப்பெயர் பதிகந்தோறும் வருதல் கண்டு மகிழ்தலும், ஆசிரியர் நகைத்து அதனைத் திருத்துதலும் இயல்பு. பெயர் ஒன்றாயினமையால் இடமும் ஒன்றாதல் வேண்டுமென்னும் நியதியில்லை. ஊர்ப்பெயரளவில் இவ்வெளிய நியாயம் எல்லார்க்கும் உடன்பாடே. மலைப்பெயர் ஒன்றனிடத்தில் மட்டும் அது மறக்கப்பட்டு, அம்மறதியின்மேற் பெரியதொரு சமய வழக்குக் கட்டப்படுகின்றது. அம்மலை மகேந்திரம்.

திருவாசகத்துள் இரண்டாவதாக வைக்கப்பெற்றது கீர்த்தித் திருவகவல். 146 அடிகளான் இயன்றது. தில்லையில் அருளிச்செய்யப்பட்டதென்பது வழிவழி வருங் குறிப்பு. இறைவன் ஊர்தோறுங் கொண்ட கோலங்களையும் ஆடிய திருவிளையாடல்களையும் உம்மை கொடுத்து அடுக்கிச் செல்வது அதன் நடை. அவ்வடுக்கில் 9, 10 ஆம் அடிகளும், 17 முதல் 20 வரையுள்ள அடிகளும் ஆகமத்தைப் பற்றியன. முன்னைய இரண்டும், நிலைபெற்ற பெருமலையாகிய மகேந்திரத்திலே, தான் சொன்ன ஆகமத்தை இறைவன் வெளிப்படச் செய்தான் என்கின்றன. பின்னைய நான்கும், அவன் வலைஞர் கோலங்கொண்டு கெளிற்றுமீனைப் பிடித்தமையும், ஆகமத்தை வாங்கினமையும், அவற்றை மகேந்திரத்தில் இருந்து தன் ஐந்து திருமுகங்களாற் பணித்தருளினமையும் கூறுகின்றன. இவ்விரு கூற்றுக்கும் இடையே கல்லாடம், பஞ்சப்பள்ளி முதலிய இடங்களில் நிகழ்ந்த வேறு அருட்செயல்கள் வருகின்றன.

ஓதுந்தோறும் ஐயம் பல எழும். முன்னரே சொல்லப்பட்டதாயின் மீட்டும் வாங்குவானேன்? வாங்கியது யாரிடமிருந்து? கெளிறு பிடித்தமையும் ஆகமம் வாங்கினமையும் ஒரு நிகழ்ச்சியா, இரண்டா? ஒருகால் ஆகமம் என்றும் ஒருகால் அவையென்றும் ஒருமை பன்மை மயங்க வந்தது என்னை? மகேந்திரம் இருமுறை கூறப்படுதலிற் கூறியது கூறல் என்னுங் குற்றம் வாராதோ? இவற்றுள் ஒருமை பன்மை பற்றிய ஐயம் எளிதில் தீரும். ஆகமம் என்பது பால்பகா அஃறிணைப் பெயராய் இரண்டற்கும் பொதுவாய் நிற்கும் என்க. ஏனையவை அத்துணை எளியன அல்ல.

இவ்வையங்கள் பாடஞ்சொல்லுந் திண்ணையளவில் நின்றிருப்பின் யாதோர் இடரும் இல்லை. இன்று ஆகமம் என்னுஞ் சொல் நீதிமன்றத்துச் சொல்லாயிற்று. அருச்சகர் நியமனம் அந்தந்தக் கோயிலின் ஆகமத்திற்கு இயையவும், அரசியலமைப்பிற்கு மாறுபடாமலும் நிகழ்தல் வேண்டும் என்று 2015 டிசம்பரில் உச்சநீதிமன்றந் தீர்ப்புரைத்தது. 2020 பிப்ரவரி 5 ஆம் நாள் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் குடமுழுக்கு, தமிழும் வடமொழியும் ஆகிய இருமொழியானும் நிகழ உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை வழிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் கரூர் ஆனிலைக் கோயிற் குடமுழுக்கின்போதும், 2025 பிப்ரவரியிற் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிற் குடமுழுக்கின்போதும் கொங்கு நாட்டிலும் அவ்வினாவே எழுந்தது. வேள்விச்சாலையில் ஒலிக்கவேண்டிய மொழி யாது, அதனை ஓதற்குரியார் யாவர் என்பன இரண்டும் வழக்கின் முனைகள். இவ்வழக்கிடையே திருவாசகத்தின் அவ்வடிகள் இருபுறத்தாராலும் எடுத்தாளப்படுகின்றன.

ஒருசாரார் கூறுவது: மகேந்திரம் தென்பாண்டி நாட்டது, ஆதலின் ஆகமம் தமிழ்நிலத்திலே தமிழ்மொழியிலே தோன்றியது, கடல்கோளால் மறைந்தது, கெளிறு விழுங்கிற்று என்பது அம்மறைவின் குறிப்பு, இன்றுள்ள வடமொழி ஆகமங்கள் பின்னர்ப் பெயர்த்தெழுதப்பட்டன என்பது. மற்றொரு சாரார் கூறுவது: ஐம்முகங்களாற் பணித்தமை வெளிப்படையாகக் கூறப்பட்டது, ஐம்முகங்களிற் பிறந்தன காமிகம் முதலிய 28, அவை வடமொழியில் உள்ளன, ஆதலின் கோயிற்கிரியை வடமொழியானன்றி நிகழ்தல் கூடாது, மாணிக்கவாசகரே அதற்குச் சான்று என்பது. இரண்டும் மேடையில் இனிமையாக ஒலிக்கும். மூலத்தை எடுத்துவைத்துப் பார்ப்பார்க்கோ இரண்டிலும் மூலத்தில் இல்லாத ஓர் அடி கூடியிருத்தல் புலனாம்.

முதற்கண் கெளிற்றை நோக்குக. இவ்விடத்திற்குக் கதை வேண்டுவார் திருவிளையாடற் புராணத்து வலைவீசின படலத்தைக் காட்டுவர். பரஞ்சோதி முனிவர் புராணத்தில் அது 57 ஆவது படலம். வாதவூரடிகளுக்கு உபதேசித்த படலம் அதனை அடுத்து வருவது. இறைவன் வேதப்பொருளை உரைக்கக் கேட்ட உமையம்மையார் கருத்து வேறானமையால் வலைஞர் குலத்திற் பிறக்குமாறு சபிக்கப்பெற்றதும், அது பொறாத விநாயகரும் முருகவேளும் சுவடிகளைக் கடலில் எறிந்ததும், காவல் வழுவிய நந்தியெம்பெருமான் சுறாவானதும், இறைவன் வலைஞனாய் வந்து அச்சுறாவைப் பிடித்து அம்மையாரை மணந்து உத்தரகோசமங்கையில் அவர்க்கு அப்பொருளை உணர்த்தியதும் அங்குக் கூறப்படும். கதை இனியதே. ஆயினும் அதனை உரையாகக் கொள்ளும்போது மூன்று வேறுபாடுகள் குறுக்கிடும். புராணத்து மீன் மரக்கலங்களை அலைக்குஞ் சுறா. திருவாசகத்து மீன் கெளிறு. புராணத்தில் மறைந்தது வேதப்பொருள். திருவாசகத்தில் வாங்கப்பட்டது ஆகமம். புராணத்து உபதேசம் உத்தரகோசமங்கையில்; திருவாசகத்துப் பணிப்பு மகேந்திரத்தில். உத்தரகோசமங்கையை இதே அகவலில் வேறிடத்து அடிகள் பெயர்கூறிப் போற்றுதலின், அவர் அதனை அறியாது மகேந்திரம் என்றார் எனல் அமையாது. ஆகவே புராணக்கதையும் அகவற்குறிப்பும் ஒரு பழமரபின் இருகிளைகள் எனல் பொருந்தும். ஒன்று மற்றொன்றன் உரையாதல் இல்லை. பின்னெழுந்த புராணத்தைக்கொண்டு முன்னெழுந்த அகவலின் இடைவெளியை நிரப்புவார் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கெளிறு, கொங்கு நாட்டார் கெளுத்தி என வழங்கும் இனத்தது. காவிரி பவானிக் கரைகளில் அதனைக் காணாதார் இலர். முதுகிலும் பக்கத்துச் சிறைகளிலும் முள்ளுடையது. வலையிலிருந்து கழற்றுவார் கையைக் குத்தும். குத்திய இடம் கடுக்கும். கேவேடர் என்னுஞ் சொல்லோடு மோனை அமையவேண்டிக் கெளிறு எனப்பட்டது என்பாரும் உளராவர். மோனை சொல்லைத் தெரிந்தெடுக்கும், பொருளை உண்டாக்காது. சுறாவைக் கொல்லுதல் வீரச்செயல், அரசரும் புகழ்வர். கெளிறு பிடித்தலோ நாட்கூலி வலைஞன் தொழில். கையிற் குருதி காண்பதன்றி அதில் வேறு புகழில்லை. இறைவன் எளிவந்தமையைக் கூறப்புகுந்த அடிகள் இச்சிறுமீனையே கூறியது அக்கருத்திற்கு எத்துணை ஏற்புடைத்து என்பதனை ஓதுவார் உணர்க.

கேவேடர் என்பது மீன்பிடிப்போரைக் குறிக்கும் பாகதச் சொல்லின் வழிவந்தது. செந்தமிழ் இலக்கியத்திற் பயின்ற வலைஞர், பரதவர் என்னுஞ் சொற்கள் இருக்க இதனை ஆண்டது பற்றித் தமிழின்பாற் பற்றுடையார் வருந்தவேண்டுவதில்லை. வடமொழிப் பற்றுடையார் மகிழவேண்டுவதுமில்லை. அடிகளின் வாக்கு இருமொழிச் சொல்லையும் ஒருசேர ஏற்றுச் செல்வது.

இனி மாவேட்டு என்னுஞ் சொல் பிரித்தற்கு அரியது. மா, ஏட்டு எனப் பிரிப்பார், ஆகாரத்தின்பின் வகர உடம்படுமெய் தோன்றிற்று என்று கொண்டு, பெரிய ஏட்டுச்சுவடி வடிவாகிய ஆகமம் எனப் பொருளுரைத்தல் கூடும். மா, வேட்டு எனப் பிரிப்பார், பெரிதும் விரும்பப்பட்டதாகிய ஆகமம் என்றேனும், பெரிய வேட்டையாகிய ஆகமம் என்றேனும் உரைத்தல் கூடும். எதுகை இதனை முடிவுசெய்யாது; எவ்வாறு பிரிப்பினும் வேகாரம் இரண்டாமெழுத்தாகவே நிற்கும். ஏடு என்று கொள்வதிற் சுவடி கடலிற் போனதென்னுங் கதைக்கு இயைபு உண்டு. ஆயின் ஏடாகிய என வரவேண்டுவது ஏட்டாகிய என டகரம் இரட்டி வந்ததற்கு அமைதி காட்டல் வேண்டும். நன்னூலார் அவ்விரட்டிப்பை வேற்றுமைப் புணர்ச்சியில் மிகுதியாக வருவதென்றமையின், அல்வழியிலுஞ் சிறுபான்மை வருமெனக் கொண்டு அமைத்தல் இயலும். இயலும் என்ற அளவே. வேட்டுவன் என்பதில் உள்ள வேட்டு என்னுஞ் சொல்லைக் கொண்டு, வலையில் வந்த பெருவேட்டை ஆகமமே என உரைப்பது நலிவின்றி நிற்பதோடு அடுத்த சொல்லோடும் இயைகின்றது.

அடுத்த சொல் வாங்குதல். இக்காலத்தார் காதில் இச்சொல் விழுந்தவுடன், விலைகொடுத்துப் பெறுதலோ பிறர் கொடுப்பக் கைக்கொள்ளுதலோ நினைவிற்கு வரும். அதுபற்றியே யாரிடமிருந்து வாங்கினான் என்னும் வினா எழுகின்றது. பழந்தமிழில் வாங்குதல் என்பது வளைத்தல், இழுத்தல் என்னும் பொருளிலும் பயில வழங்கும். வில்லை வாங்கினான், தேர்வடத்தை வாங்கினார் என்ப. வலைஞன் வாங்குவது வலையை. ஆகவே ஈண்டு வாங்குதலாவது நீரின் ஆழத்திற் கிடந்ததனைக் கரைக்கு இழுத்துக் கொணர்தலாம். கொடுத்தான் ஒருவன் வேண்டுவதில்லை. ஆகமத்தை ஒரு குலத்தாரிடமிருந்து மற்றொரு குலத்தார் பெற்றனர் என்றோ, பறித்தனர் என்றோ இச்சொல்லைக்கொண்டு வரலாறு எழுதுவார் முயற்சி இதனால் அடிசாயும்.

மீன்பிடித்தற்கு ஓர் உம்மும் வாங்குதற்கு ஓர் உம்மும் கொடுத்தமையால் அவை இருவேறு நிகழ்ச்சிகள் என்பார்க்கு விடை: அடிகள் ஒரு நிகழ்ச்சியின் இரு படிகளையும் உம்மை கொடுத்துக் கூறுவர். அடுத்துவரும் பணித்தலுக்கும் உம்மை உண்டு. ஆயினும் அவை எனச் சுட்டியதனால் அது வாங்குதலைத் தொடர்ந்து நிகழ்ந்தது என்பதில் ஐயமின்மை காண்க. இவ்வாறு கொள்ளவே கூறியது கூறல் என்னும் ஐயமும் நீங்கும். முன்னைய இரண்டடிகளில் மகேந்திரத்தில் ஆகமம் வெளிப்பட்டமை தொகுத்துக் கூறப்பட்டது. வெளிப்பாடு எவ்வாறு நிகழ்ந்தது என்பது பின்னைய நான்கடிகளில் விரிக்கப்பட்டது. சொன்னது மறைந்தது; மறைந்தது வாங்கப்பட்டது; வாங்கப்பட்டது பணிக்கப்பட்டது. தோற்றுவித்தல் என்றாரன்றிப் படைத்தல் என்னாமையையும் ஓர்க. முன்னரே உள்ளதனையே தோன்றச் செய்தல் இயலும். சற்காரியவாதங் கற்றார்க்கு இச்சொல்லின் அருமை விளங்கும்.

மகேந்திரம் யாண்டையது? கலிங்கத்து மகேந்திரம் ஒன்று. இன்று ஒடிசா மாநிலத்திற் கிழக்கு மலைத்தொடரில் உள்ளது. காளிதாசர் இரகுவம்சத்தில் இரகுவின் திக்குவிசயத்தில் வருவது. தென்மகேந்திரம் மற்றொன்று; அனுமன் இலங்கைக்குத் தாவிய மலை என்று இராமாயணம் கூறுவது; மேற்கு மலைத்தொடரின் தென்கோடியில் மகேந்திரகிரி என்றே இன்றும் வழங்கும் மலை உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் ஏவூர்திப் பொறிகளைச் சோதிக்கும் நிலையம் அதன் பெயரால் வழங்குதலைச் செய்தித்தாள் படிப்பாரும் அறிவர். கந்தபுராணத்து வீரமகேந்திரமோ மலையன்று. தென்கடலிற் சூரபன்மன் அரசிருந்த நகர். இத்துணை மகேந்திரங்களுள் அடிகள் கருதியது இதுவென்று காட்டும் அடைமொழி அகவலில் யாண்டும் இல்லை. 100 ஆம் அடியில் இறைவனை மகேந்திர வெற்பினன் எனக் கூறும் இடத்திலும் திசைக்குறிப்பு இல்லை.

தென்மகேந்திரமே என்பார்க்குத் திருவாசகத்துள்ளேயே ஓர் இடையூறு உண்டு. திருத்தசாங்கத்தில் அடிகள் தலைவனுடைய பத்து உறுப்புக்களை வகுத்துக் கூறுவர். நாடு தென்பாண்டி நாடு, ஊர் உத்தரகோசமங்கை. மலையைக் கூறவேண்டிய இடம் வந்தபோது, பாண்டிநாட்டு மலையொன்று ஆகமம் பிறந்த மலையாக அவர் உள்ளத்தில் இருந்திருப்பின் அதனைக் கூறுதற்கு அதனினும் தக்க இடம் கிடையாது. அவரோ முத்தியை அருளும் மலை என்றார். ஆற்றையும் ஆனந்தமாகவே கூறினார். நாட்டையும் ஊரையும் நிலத்தில் வைத்தவர் மலையையும் ஆற்றையும் அருளில் வைத்தார். இது தென்மகேந்திரம் அன்று என்பதனை முற்ற நாட்டாது. மகேந்திரத்தை நிலப்படத்திற் புள்ளியிட்டு அதன்மேல் மொழிவரலாறு எழுதுவார்க்கு அடிகள் துணைசெய்யவில்லை என்பதனை நாட்டும். அன்றியும் மலை தெற்கதேயாயினும் மொழி தமிழே என்பது எங்ஙனம் பெறப்படும்? தமிழ்நிலத்திற் செய்யப்பட்ட வடமொழி நூல்கள் பல. காஞ்சியிலிருந்து தண்டியாசிரியர் எழுதியது தமிழன்றே.

இனி ஐம்முகம் பற்றிக் கூறுவார் வாதத்தை நோக்குக. சத்தியோசாதம் முதலிய நான்கு முகங்களில் ஐவைந்தும் ஈசானத்தில் எட்டுமாக 28 ஆகமங்கள் தோன்றின என்பது ஆகமநூல்களின் மரபு. திருமூலரும் ஐந்தும் இருபத்துமூன்றுமாக அத்தொகையைக் கூறுவர். அகவலிற் கூறிய ஐம்முகப் பணிப்பு இம்மரபைத் தழுவியதே; இதனை மறுத்துப் பிறிதொரு தமிழாகமத் தொகுதியைக் கற்பிப்பார்க்கு அகவலிற் சான்று இல்லை. இவ்வளவும் உடன்படத்தக்கது. இதன்மேல், ஆதலின் வழிபாடு வடமொழியே என்பது எவ்வாறு தொடரும்? முகங்கள் ஐந்து என்றாரன்றி மொழி ஒன்று என்றாரல்லர். அத்திருமூலர் தாமே, இறைவன் அம்மைக்கு ஆரியத்தையும் தமிழையும் ஒருங்கே உரைத்து அருள்செய்தான் என்றும், தம்மைப் படைத்தது தமிழில் இறைவனைப் பாடுதற்கென்றும் கூறியிருத்தலை இவ்வாதத்தார் ஓதாது கடந்துபோதல் நேரிதன்று. திருமந்திரத்தின் ஒரு செய்யுளைக் கைக்கொண்டு மற்றொன்றைக் கைவிடும் வழக்கம் இருசாரார்க்கும் பொதுவாயிருப்பது வியப்பே.

கிடைத்துள்ள மூலாகமங்கள் வடமொழியில் உள்ளன என்பது மறைக்கவொண்ணாத உண்மை. 1955 இற் புதுச்சேரியில் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களிலும் சிவாசாரியர் இல்லங்களிலும் மடங்களிலுமிருந்து திரட்டிய சைவச் சுவடிகள் பல்லாயிரம்; பெரும்பாலன கிரந்த எழுத்தின. 2005 இல் யுனெஸ்கோ அத்தொகுதியை உலக நினைவேட்டிற் சேர்த்தது. நேபாளத்தில் உள்ள நிசுவாசதத்துவசங்கிதையின் பனையோலைப் பிரதி 9 ஆம் நூற்றாண்டினது. இமயச்சாரலில் ஓர் ஏடும் தென்னாட்டிற் பல்லாயிரம் ஏடுமாக இந்நூற்பரப்புக் கிடத்தலை நோக்குவார், இது ஒரு மலையின் அல்லது ஒரு நாட்டின் தனியுடைமை என்று கூறத் துணியார். அவ்வடமொழி ஏடுகளைச் செல்லரிக்காது காத்தவர் தமிழர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

அகவல் இவ்வழக்கிற்கு ஒன்றும் தரவில்லையோ எனின், தருகின்றது. இருசாராரும் தேடாத இடத்தில் அது கிடக்கின்றது. ஆகமத்தை மீட்டவன் எக்கோலத்தில் மீட்டான்? மீன்நாற்றம் வீசும் வலைஞர் கோலத்தில். ஆகமத்தைத் தொடற்கு உரியார் யாவர் என்று நீதிமன்றத்தில் வினவப்படுங் காலத்தில், அதனை முதலில் நீரினின்றும் கையிலெடுத்தவன் கேவேடன் என்று மாணிக்கவாசகர் கூறியிருத்தலை யாரும் எடுத்துக்காட்டாமை என்னையோ. அது திருவிளையாடலன்றோ, இறைவன் கொண்ட வேடத்தை நடைமுறைக்கு விதியாக்கலாமோ எனின், ஆக்கவேண்டா. மலைப்பெயரையும் முகத்தொகையையும் விதியாக்குவார் இதனைமட்டும் விளையாட்டென்று ஒதுக்குதல் நடுவுநிலைமையன்று என்பதே ஈண்டுக் கூறப்படுவது. அடுத்த அடிகளில் அவனே நந்தம்பாடியில் நான்மறையோனாகவும் ஆரியனாகவும் வருகின்றான். ஆரியன் என்பது அடிகள் வாக்கில் ஆசிரியன், பெரியோன் என்னும் பொருட்டு. இனப்பெயராகக் கொண்டு அதன்மேல் வெறுப்பையோ பெருமிதத்தையோ ஏற்றுவது கடந்த இரு நூற்றாண்டுகளின் நோய். வலைஞனும் மறையோனும் ஆசிரியனும் ஆறடிக்குள் ஒருவனாதலே அகவலின் கீர்த்தி.

கோயிலில் தமிழ்மறை ஒலித்தற்குப் பழஞ்சான்று வேண்டுவார் மகேந்திரம் ஏறவேண்டுவதில்லை. தஞ்சைக்குச் செல்லுதல் போதும். முதலாம் இராசராசன் (985–1014) தன் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கியதனை அங்குள்ள கல்வெட்டுக் கூறும். அப்பிடாரர் பெயர்ப்பட்டியலை வாசிப்பார், பலர்க்கு இயற்பெயரோடு சிவன் என முடியும் வடமொழித் தீக்கைப்பெயரும் உடனெழுதப்பட்டிருத்தலைக் காண்பர். ஆகமவழித் தீக்கை பெற்றார் சிலர். அவர்கள் நாள்தோறும் ஓதியது தேவாரம்.